முன்னே ஒரு விலை, பின்னே ஒரு விலை

பிரிட்ஜ் விற்கிறவனுக்கு ஒரு நிம்மதி உண்டு. குளிர்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்தால் பேச்சு முடிந்தது. டிவி விற்கிறவர்கள்தான் பாவம். இன்றைக்குப் புதுசு என்று கூவி விற்றதை அடுத்த வருஷம் அவர்கள் வாயாலேயே பழசு என்று சொல்ல வேண்டும். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் எங்கள் கடையில் நான் பிரிட்ஜ் பக்கம் நிற்கிறேன். அமிர்தம் அக்கா டிவி பக்கம். நடுவில் நாலடிப் பாதை, அவ்வளவுதான். பதினோரு வருஷமாக அவர் பட்ட பாட்டையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்காவுக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் விருத்தகிரி, பீங்கான் கம்பெனி ஒன்றில் அச்சு வேலை செய்கிறார். களிமண்ணில் போன வருஷ மாடல், இந்த வருஷ மாடல் என்று எதுவும் கிடையாது என்று மனைவியைச் சீண்டுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. அக்காவுக்கு அது சுருக்கென்று தைக்கும். ஏனென்றால் அவர் இந்தக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக எதிர்காலத்தை விற்றுக்கொண்டிருப்பவர்.

முதலில் பிளாஸ்மா. சுவரில் மாட்டுகிற டிவி என்று ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. கொஞ்ச வருஷத்தில் கம்பெனிக்காரனே அதைக் கைகழுவிவிட்டான். அப்புறம் கண்ணாடி போட்டுப் பார்க்கிற த்ரீடி. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் சைக்கிள் ஓட்டியதுதான் மிச்சம். அதற்கும் பிறகு வளைந்த டிவி. ஒவ்வொன்றுக்கும் அக்கா சொன்னது ஒரே வாக்கியம்: "பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லைங்க." ஏமாந்தவர்கள் திரும்பி வந்து கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார். ஆனாலும் ஜனங்கள் அவரிடம்தான் வந்தார்கள். அவர் முகம் அப்படி.

இப்போது ஓஎல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி, மைக்ரோ எல்இடி என்று வரிசை கட்டி நிற்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை புதுச்சேரியில் கம்பெனி கூட்டம் நடக்கும். ஒரு வருஷம் வந்தவர் ஓஎல்இடிதான் இனி எல்லாம் என்றார். மறு வருஷம் வந்தவர் மினி எல்இடிதான் என்றார். போன வருஷம் சொன்னது என்ன ஆச்சு என்று அக்கா எழுந்து கேட்டாராம். பேச வந்தவர் சிரித்துவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டாராம். இதைச் சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவங்களுக்கே தெரியல தம்பி. தெரிஞ்ச மாதிரி பேச நம்மள நிக்க வெச்சிருக்காங்க" என்றார்.

போன ஆவணியில் எங்கள் முதலாளி கொளஞ்சிநாதன் மாடி கட்ட ஆரம்பித்தார். மேலே விலை உசத்தியான டிவி மட்டும். அதற்குப் பொறுப்பாக அக்காவைப் போடலாம் என்றும், ஆனால் மாடி திறப்பதற்குள் ஐந்து ஓஎல்இடி விற்றுக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சைப் பச்சையாகத் தெரிகிற அளவுக்கு நின்று வேலை பார்த்தவர் அக்கா. மாடிக்குப் போனால் மேஜை நாற்காலியோடு உட்காரலாம், சம்பளமும் கூடும். அவருக்கு அந்த ஆசை இருந்ததில் ஒரு தப்பும் இல்லை. நாலு விற்றுவிட்டார். ஐந்தாவதுதான் இழுத்துக்கொண்டே போனது.

அப்போதுதான் பழமலை வந்தார். ஊருக்கு வெளியே மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருப்பவர். கம்ப்யூட்டரில் அன்றைய விலையைத் தட்டினால் சுவரில் பெரிதாகத் தெரிய வேண்டும், வண்டியில் வருகிற விவசாயி ரோட்டிலிருந்தே படிக்க வேண்டும், அதற்கு ஒரு டிவி வேண்டும் என்றார். அந்த வேலைக்குச் சாதாரண எல்இடி போதும். ஓஎல்இடியில் அசையாத படத்தை நாள் முழுக்க மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அதன் நிழல் திரையிலேயே தங்கிவிடும். இது புதுச்சேரி கூட்டத்திலேயே சொன்ன விஷயம். அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிற என் வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. அக்கா ஓஎல்இடியைக் காட்டி, கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது பாருங்கள் என்றார். பழமலை மயங்கிவிட்டார்.

பழமலை அதை எப்படிப் பயன்படுத்தினார் என்பதுதான் வேடிக்கை. புரட்டாசியில் மூட்டை ஒன்பதாயிரத்து இருநூறு வரை போயிருக்கிறது. அத்தோடு வரத்து நின்றது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மண்டியில் ஈ ஓட்டினார்கள். டிவியை அணைத்து வைக்க வேண்டியதுதானே? மாட்டார். அந்த ஒன்பதாயிரத்து இருநூறை முழு வெளிச்சத்தில் காலையிலிருந்து மாலைவரை அப்படியே எரியவிட்டார். இந்த விலைக்கு எடுத்த மண்டி இது என்று ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். மார்கழியில்தான் அணைத்தார்.

பங்குனியில் புது மல்லாட்டை வந்தபோது விலை ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. பழமலை புது விலையைத் தட்டினார். அதன் பின்னால் மங்கலாக ஒன்பதாயிரத்து இருநூறும் தெரிந்தது. எழுத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிப் போட்டார். மேலே பழைய விலை இன்னும் நன்றாகத் தெரிந்தது. முன்னால் ஓடுவது நமக்கு, பின்னால் ஓடுவது யாருக்கு என்று விவசாயிகள் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் கேலியாகத்தான் கேட்டார்கள். பழமலை டிவியை அணைத்ததும் அதுவே சந்தேகமாகிவிட்டது. மறைக்கிறான் என்று பேச்சு பரவி, நாலு நாளில் பாதி வண்டிகள் அவர் மண்டியைத் தாண்டிப் போயின.

கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, வாங்கியவர் தப்பாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று சொல்லி ஒரு படிவத்தைக் கடைக்கு அனுப்பினார். அசையாத படம் வைக்கக் கூடாது என்று விற்கும்போதே சொன்னோம் என அக்கா கையெழுத்துப் போட்டால் போதும், கம்பெனிக்கும் கடைக்கும் பொறுப்பில்லை. மாடியும் அக்காவுக்குத்தான். கொடுமை என்னவென்றால், பழமலையே கடைக்கு வந்து, தனக்கு விவரம் போதவில்லை, தப்பு தன் மேல்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்காவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் அக்கா கையெழுத்துப் போட்டிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

முதலாளி பேனாவை நீட்டினார். அக்கா வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே 'சொல்லவில்லை' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முதலாளி படிவத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பழமலைக்கு மாற்று டிவியை நம் கடைதான் தர வேண்டியிருக்கும், மாடிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

மண்டிக்குக் கூட்டிப் போகச் சொன்னார் அக்கா. என் வண்டியில் போனோம். சித்திரை வெயில் அடங்கி, மேற்கே மேகம் கட்டியிருந்தது. மண்டி வாசலில் கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த ராஜமாணிக்கம் என்ற விவசாயி மூட்டையை இறக்க விடாமல் நின்றுகொண்டிருந்தார். பின்னால் தெரிகிற விலையை ஒருதரம் எனக்குக் காட்டு, அப்புறம் இறக்குகிறேன் என்று பிடிவாதம். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். பழமலை வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

அக்கா டிவியைப் போடச் சொன்னார். திரையில் இரண்டு விலையும் வந்தன. கூட்டம் முணுமுணுத்தது. அக்கா எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "பின்னாடி தெரியறது ரகசிய ரேட்டு இல்லைங்க. ஒரே படத்த மாசக்கணக்குல வெச்சா இந்த டிவியில இப்பிடித் தங்கிடும். இது எனக்குத் தெரியும். விக்கணும்னு சொல்லாம வுட்டுட்டேன். தப்பு என்னுது, இவரு மேல இல்ல."

நானும் தெரிந்து வாயை மூடிக்கொண்டவன்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

ஒருத்தர், அடுத்து வரப்போகிற டிவியாவது நல்லதா என்று அக்காவைக் கேட்டார். தெரியாது என்றார் அக்கா. பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கூட்டம் சமாதானமானது. விஷயம் அத்தோடு முடிந்தது என்று நான் வண்டிச் சாவியை எடுத்தேன். பழமலை மட்டும் நகரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்த ரேட்டு ஒரே ஒரு நாளுதாங்க வந்துச்சு. அதுவும் விதைக்கு வேணும்னு ஒருத்தங்க கேட்டாங்க, அதுக்காக நாலு மூட்டைக்கு மட்டும் அந்த ரேட்டு குடுத்து எடுத்தேன். மத்த நாளெல்லாம் எட்டாயிரத்தத் தாண்டல."

ராஜமாணிக்கத்தின் குரலில் கோபம் இல்லை.

"ஒரு நாளா? போக வர ரெண்டு மாசம் அதத்தானே பார்த்தேன். உளுந்து போட வெச்சிருந்த மூணு காணியிலயும் மல்லாட்டைய போட்டுட்டேனே."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேற்கே இடி இடித்தது. ராஜமாணிக்கம் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார், பிறகு வண்டியில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தார். நனைந்தால் இந்த விலையும் கிடைக்காது. கயிற்றை அவரே அவிழ்த்து, இறக்குங்கள் என்றார்.