ஒன்றுபோல் இருந்த நான்கு மூடிகள்

மச்சினனின் மீன் வண்டியில் டயர்க் காற்றைக் கண்காணிக்கும் கருவி பொருத்தியது சென்ற மாசி மாதம். ஒவ்வொரு டயரின் வால்விலும் ஒரு சிறு மூடி. அது உள்ளேயிருக்கும் அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். ஸ்டியரிங் அருகேயுள்ள திரை அதை எண்ணாகக் காட்டும்.

பொருத்திய மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. கோட்டைக்குப்பம் மணலில் வண்டி புதையாமலிருக்க, வழக்கம்போல் டயர்களில் காற்றைக் குறைத்தோம். அதற்காகக் கழற்றிய மூடிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இறால் ஏற்றித் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றடித்து, அவற்றைத் திரும்ப மாட்டினேன்.

பொன்னேரிக்குப் பாதி வழியில் கருவி அலறியது. முன் இடது டயரில் காற்று இறங்குவதாகத் திரை காட்டியது. காற்றடித்தும் எண் ஏறவில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்குமேல் பொன்னேரியில் இறால் வாங்கும் வியாபாரி காத்திருக்கமாட்டார்.

"இன்னா மாமா, தும்முனாக்கூட தேதி போட்டு எழுதுவியே, எந்த மூடி எங்க இருந்துச்சுனு எழுதுனியா?" என்றான் மச்சினன்.

எழுதவில்லை. ஒவ்வொரு மூடியும் ஒரு சக்கரத்தின் பெயரில் பதிவானது. இடம் மாற்றி மாட்டினாலும் அது பழைய சக்கரத்தின் பெயரிலேயே பேசும். இறங்கி வண்டியைச் சுற்றிவந்தோம். பின் வலது டயரில் ஆணி. ஸ்டெப்னி மாற்றிக் கிளம்பினோம்.

ஏழே முக்காலுக்கு வியாபாரி கூடைக்குள் கைவிட்டுப் பார்த்தார்.

"சில்லுனுதான் கீது, எறக்கு" என்றார்.