ஜெரால்ட் இறுக்கிய பூட்டு

சாத்தாங்காட்டில் இரும்புத் தகடு அடுக்கி வைத்திருந்த கிடங்கைப் பனியில் சறுக்கி விளையாடும் கூடமாக மாற்றினால் எவன் வருவான் என்று கடைத்தெருவே சிரித்தது. வந்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே டிக்கெட் வாங்கிக்கொண்டு நடுங்குகிறார்கள். மனுஷனுக்கு எதைக் கொடுத்தாலும் ஆகாது, என்ன செய்வது? அந்தக் குளிரில் கம்பளிக் குல்லா போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தவர் ராயபுரம் ஜெரால்ட்.

ஐம்பது தாண்டிய ஆள். உடம்பைக் கேட்டால் எழுபது என்று சொல்லும். துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்த்தவர். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் கடலில் ஆடிச் சரியாமல் இருக்க, இரும்புக் கம்பி கொடுத்து முறுக்கிக் கட்டுகிற வேலை. முதுகு தேய்ந்துபோய், இனி எங்கேயாவது மோசமாக விழுந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கப்பலை விட்டார். மனைவி எல்சி மாதா கோயிலில் யார் யாரிடமோ சொல்லிவைத்து வாங்கிக் கொடுத்த வேலை இது. முதுகு வலிக்காரனுக்குக் குளிர்ப்பெட்டிக்குள் வேலை. கிடைத்ததே பெரிசு என்று வாயை மூடிக்கொண்டார்.

பூட்டுகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பனிச்சரிவில் சறுக்குகிறவர்கள் கனமான பூட்ஸ் மாட்டிக்கொண்டு, காலுக்கு ஒன்றாக இரண்டு நீளப் பலகைகளின் மேல் ஏறி நிற்பார்கள். பூட்ஸின் முனையையும் குதிகாலையும் பலகையோடு கவ்விப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த பூட்டு உண்டு. பலகைகளெல்லாம் ஏதோ குளிர்தேசத்தில் சறுக்கித் தேய்த்துத் தள்ளிவிட்ட பழைய சரக்கு. பாதிச் சரிவில் கால் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம் என்று கழன்றுகொண்டே இருந்தன. வந்தவர்கள் திட்டினார்கள். முதலாளி சுப்புராஜ் மேனேஜர் அபினைத் திட்டினார். அபின் ஜெரால்டிடம் வந்தான்.

"அண்ணே, ஏன் கழருதுன்னு கொஞ்சம் பாருங்க. இனி ஒண்ணும் கழரக் கூடாது."

பார்க்க என்ன இருக்கிறது? கழன்றால் இறுக்க வேண்டும். லாஷிங்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முறுக்கி முடித்த பிறகு, கடலில் போகிறவன் உயிருக்காக, மாதா பேரைச் சொல்லி இன்னும் ஒரு சுற்று. அதைப் போடாமல் ஒரு கப்பலையும் ஜெரால்ட் அனுப்பியதில்லை. ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பூட்டையும் முட்டுகிற வரை முறுக்கினார். பிறகு, "மாதாவே" என்று மூச்சைப் பிடித்து இன்னும் ஒரு சுற்று.

அதன் பிறகு எதுவும் கழலவில்லை. சுப்புராஜ் முதுகில் தட்டிக் கொடுத்தார். தட்டின இடம் சாயங்காலம் வரை வலித்தது.

ரேச்சல் முகத்துவாரக்குப்பத்துப் பெண். கூடத்தில் சறுக்கக் கற்றுக்கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்துக்கு வேடிக்கை காட்ட உச்சியிலிருந்து சறுக்கி வருவாள். ஒரு ஞாயிறு, பாதி வழியில் ஒரு குழந்தை குறுக்கே வந்துவிட்டது. அதன் மேல் மோதாமலிருக்கத் திரும்பி விழுந்தாள். பலகை பனியில் குத்திக்கொண்டு நின்றது, பூட்டு காலை விடவில்லை, முட்டி திருகிக்கொண்டது. "கய்ட்டுங்க! அய்யோ, கய்ட்டுங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் கூடத்தில் அலறிய பாட்டுச் சத்தம்கூடக் காதில் விழவில்லை. அபின் ஓடிப்போய் முழு பலத்தோடு அமுக்கித்தான் பூட்டைத் திறக்க முடிந்தது.

"இவ்வளவு இறுக்கினது யாரு?"

"நான்தான். கழரக் கூடாதுன்னு நீதானப்பா சொன்ன?"

"விழும்போது கழரணும்ணே! அப்ப விட்டாத்தான் கால் தப்பிக்கும்." சொன்னவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இதை முன்பே சொல்லித் தராதது தன் தப்பு என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பழைய தொல்லைக்குக் காரணம் ஸ்பிரிங்கே இல்லை. பூட்ஸின் அடியில் பனி அப்பி உறைந்து, பூட்டுக்குள் மட்டமாக உட்காராமல்தான் கழன்றிருக்கிறது. சில பூட்டுகளை பூட்ஸ் நீளத்துக்குத் தகுந்தபடி யாரும் நகர்த்தியே வைக்கவில்லை. பனியைச் சுரண்டி, நீளத்தைச் சரிசெய்து, பூட்டின் மேல் போட்டிருந்த எண்களில் போடுகிறவர் எடைக்குத் தகுந்ததில் ஸ்பிரிங்கை வைத்தால் தீர்ந்தது. இவ்வளவுதானா? ஒரு பெண்ணின் முட்டியைத் திருகவைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது?

மழைக்காலம் போன பிறகு ரேச்சல் திரும்பி வந்தாள். முட்டி ஆறியிருந்தது, மனசு ஆறவில்லை. பலகைக்கு முன்னால் போய் நிற்பாள், காலை வைக்காமல் திரும்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சறுக்காவிட்டால் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சுப்புராஜ் சொல்லிவிட்டார். அவள் சோறு போனால் தன்னால்தான் போகும் என்பது ஜெரால்டைத் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை காலை, கூடம் திறக்கும் முன் ரேச்சல் வந்தாள்.

"இத்த யாரு வெச்சது?" என்று தன் பலகையின் பூட்டைக் காட்டிக் கேட்டாள்.

"நான்தாம்மா. அபினும் கூட குந்திகினு பாத்தாரு. உன் வெயிட்டுக்கு இன்னா நம்பரோ, அத்தத்தான் வெச்சுக்கீறேன்."

"அன்னிக்கும் நீதான அங்கிள் வெச்ச?"

"ஆமாம்மா, நான்தான்."

"வுழுந்து காட்டு."

"அண்ணே, உங்க முதுகு!" என்று அபின் பதறினான். ஜெரால்ட் காதில் வாங்கவில்லை. அவரும் ஏறக்குறைய ரேச்சல் எடைதான், மிச்சத்தைக் கப்பல் தின்றுவிட்டது. அதே அளவு பூட்ஸை மாட்டிக்கொண்டு, அவள் பலகையில் ஏறி, மெல்லச் சறுக்கிப் பக்கவாட்டில் விழுந்தார். பூட்டு டக்கென்று விட்டது.

"அந்தாண்ட பக்கம்," என்றாள் ரேச்சல்.

எழுந்து, பூட்ஸில் அப்பிய பனியைச் சுரண்டி, மறுபடி மாட்டிக்கொண்டு விழுந்தார். விட்டது.

"முன்னால வுழு."

அவள் விளையாடவில்லை. படுக்கையில் கிடந்த நாட்களின் கோபம் முழுதும் முகத்தில் இருந்தது. அது தன்மேல்தான் என்று ஜெரால்டுக்குத் தெரியும், நியாயம் என்றும் தெரியும். விழுந்தார். விட்டது. இன்னொரு வாட்டி என்றாள். விழுந்தார். அபின் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசியாக விழுந்தவருக்கு எழ முடியவில்லை. இடுப்பிலிருந்து கால் வரை தீ வைத்த மாதிரி இருந்தது. தகரக் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அழுகை வந்தது.

"இரும்மா, கோவிச்சுக்காத," என்றார். "மூச்சு வாங்கிகினு எந்திரிக்கறேன். இன்னும் எத்தினி வாட்டி வோணாலும் வுழறேன்."

ரேச்சல் சரிவில் இறங்கி வந்தாள். அபினைக் கூப்பிட்டு, இருவருமாக அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். அவர் முதுகில் ஒட்டியிருந்த பனியை அவள் தட்டிவிட்டாள். பிறகு தன் பூட்ஸை மாட்டி, பலகையை இழுத்துப்போட்டுக் காலைப் பூட்டுக்குள் வைத்தாள்.

"போதும் அங்கிள். இனிமே நானே வுழுந்துக்கறேன்."