இல்லாத அணிக்கு ஒரு கீரி

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். கும்மிடிப்பூண்டியில் பேனரும் பனியன் பிரிண்டும் போடும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள் யார் நுழைந்தாலும் எனக்கு முதலில் வருவது பயம்தான்.

அன்றைக்கு வந்தவர் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கழுத்தில் கார்டு தொங்கியது. கிரிக்கெட் டீமுக்கு லோகோ வேண்டும், பனியனில் நெஞ்சுப் பக்கம் வர வேண்டும் என்றார். எந்த ஊர் டீம் என்றேன். எல்லா ஊரும்தான் என்றார். பேரையும் என்னையே வைக்கச் சொன்னார். அப்போதே சந்தேகம் தட்டியது. பேர் வைக்கவே வாரக்கணக்கில் அடித்துக்கொள்கிற டீம்களைத்தான் எனக்குத் தெரியும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருந்தார். எந்தக் கட்சியும், எந்தச் சாதியும் தன்னுடையது என்று சொல்லாத கலர் வேண்டும், மிருகமும் அப்படியே. சிங்கம், புலி, காளை, கழுகு எல்லாவற்றுக்கும் இங்கே ஆள் இருக்கிறது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சளும் அப்படித்தான். கடைசியில் காபி கலரில், பந்தை வாயில் கவ்விய ஒரு கீரியை வரைந்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். முதுகில் போட பேரும் நம்பரும் கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஏழாம் நம்பருக்கு மண்டை உடையாத டீம் உண்டா? கோயில் பேரில் வசூலா, ஏலச்சீட்டு மோசடியா, என்ன எழவு இது? போலீஸ் வந்தால் அடித்துக் கொடுத்தவனைத்தானே முதலில் கேட்பார்கள். விஷயத்தைச் சொன்னால்தான் பிரிண்ட் என்று நின்றேன்.

"டீமே கெடையாதுணா," என்றார் மெதுவாக. "நாலு பேரு சேந்து நின்னாலே கேட்ல கார்ட புடுங்கிக்கிறாங்கோ. பனியன் போட்டுக்கினு ஏரில ஒக்காந்தா, ஆட வந்தவன்னு உட்ருவாங்கோ."

வேலையை நிரந்தரமாக்கக் கேட்பதற்கு ஆள் சேர்க்கிறார்கள். வெளியே தெரிந்தால் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும். எனக்கோ அடுத்த சந்தேகம்: இவரே கம்பெனி அனுப்பிய ஆளாக இருந்தால்? இருந்தும் அடிக்க ஆரம்பித்தேன்.

பனியன்கள் மேசையில் கிடந்தபோது அதே கம்பெனி சூப்பர்வைசர் ஐடி கார்டு ஆர்டரோடு வந்தார். ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார்.

"இன்னாபா, நம்பரே காணோம்? யாரு டீமு?"

அவசரத்தில் வேறு ஊர்ப் பேர் எதுவும் தோன்றவில்லை. உங்க கம்பெனிப் பசங்கதான் சார், நம்பர் சண்டை இன்னும் ஓயவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். "அப்ப ஞாயித்துக்கெழம எங்க ஸ்டாஃப் டீமோட மோதச் சொல்லு."

வேறு வழியில்லாமல் ஆடினார்கள். நான் வறண்ட ஏரியின் கரையில் நின்று பார்த்தேன். ஆட்டம் ஒன்றும் மோசமில்லை. ஆனால் முதல் ஓவரை யார் போடுவது என்று வந்தபோது வட்டமாக நின்று கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். ஃபீல்டை மாற்றவும் அப்படியே. எந்தக் கேப்டன் இப்படிச் செய்வான்? சூப்பர்வைசர் ஒவ்வொரு ஓட்டெடுப்பையும் கவனித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து போனில் படம் எடுத்தார்.

மறுநாள் அந்தப் படத்தோடு கடைக்கு வந்துவிட்டார். பெரிதாக வேண்டுமாம், மூஞ்சி எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். எதற்கு என்று கேட்டதற்கு, ஆபீசில் மாட்டத்தான் என்றார். இங்க் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

"பரவால்ல. போன்ல கீதே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உடனே அந்தத் தொழிலாளிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"எல்லாரும் அதுல கீறோமாணா?"

எல்லாரும் என்றேன்.

"அப்ப ஒளிஞ்சி இன்னா பண்றது. நாளைக்கே எல்லாருமா போயி பர்மனென்ட் பண்ணச் சொல்லி கேட்டுர்றோம்."

போனை வைத்த பிறகும் ஷட்டரை இழுத்துச் சாத்திவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.