காளியப்பண்ணன் போட்ட முடிச்சு

சோமனூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய தறிக்காரர் ஒருவர், "உங்க கெடங்கு வாட்ச்மேன் காளியப்பண்ணன் நேத்துப் போயிட்டாருங்க" என்றார். டீயை வைத்துவிட்டுக் கிளம்பினேன். துக்கம் கேட்கப் போன இடத்தில், "நல்ல மனுசந்தானுங்க, அந்த நெல்லு விசயம் மட்டும் இல்லீன்னா..." என்று யாரோ இழுத்தார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வீரபாண்டிப் பக்கத்து சர்க்கார் நெல் கிடங்கில் நான் குமாஸ்தா, அவர் காவலாளி. அதற்கு முன் சாமளாபுரத்தில் கைத்தறி நெய்தவர். விவசாயிகள் உபரி நெல்லைச் சர்க்காருக்கு லெவியாகக் கொடுத்தே தீர வேண்டிய காலம் அது. வண்டி கட்டி வருகிறவர்களிடம் நான் எரிந்து விழுவேன். அவர் முதலில் தண்ணீர்ச் செம்பை நீட்டுவார். "நெல்லுக் குடுக்கறவங்கள வெயில்ல நிக்க வெக்கலாமுங்களா?" என்பார்.

ஒரு நாள் மாரக்காள் அலறியடித்துக்கொண்டு வந்தார். புருஷனை இழந்து தனியாக வெள்ளாமை பார்த்தவர். முந்தின நாள் லெவி மூட்டைகளோடு விதை மூட்டையையும் வண்டிக்காரன் ஏற்றிவிட்டிருந்தான். "மாத்து மூட்டை கொண்டாந்திருக்கறனுங்க சாமி. வெதை போனா வயலு தரிசுதானுங்க" என்று அழுதார். உள்ளே போன மூட்டை மேலிட உத்தரவில்லாமல் வெளியே வரக்கூடாது. உத்தரவு வருவதற்குள் நாற்று விடும் பருவம் போய்விடும்.

"வெதையையும் அரைச்சுத் தின்னுட்டா அடுத்த வருசம் சர்க்காரு யாருகிட்டீங்க வாங்கும்?" என்றார் காளியப்பண்ணன். நான் சாவியைக் கொடுத்தேன்.

விதை நெல்லில் பூச்சி விழாமலிருக்க மாரக்காள் நொச்சி இலை போட்டு வைத்திருந்தார். அண்ணன் அடுக்கின் மேல் ஏறி, ஒவ்வொரு மூட்டையாக மோந்து பார்த்துக் கண்டுபிடித்தார். மாற்று மூட்டையை வாய் தைத்து அதே இடத்தில் வைத்தார். எடையில் குறைவில்லை.

தைத்த கைதான் காட்டிக்கொடுத்தது. எங்கள் சுமைக்காரர்கள் தடித்த முடிச்சாகப் போடுவார்கள். அவரோ அறுந்த இழையைச் சேர்க்கிற நெசவுக்காரர் முடிச்சை, பொடிசாக, பழக்கதோஷத்தில் போட்டுவிட்டார். சோதனைக்கு வந்த அதிகாரி பார்த்துவிட்டார்.

"யார் தைத்தது?"

"நாந்தானுங்க."

"சாவி?"

"நானா எடுத்துட்டனுங்க."

யாருக்காக என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. மாரக்காளைக் கேஸில் இழுத்துவிடுவார்கள் என்ற பயம். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? அவர் வேலை போனது. நெல் திருடன் என்ற பேரும் வந்தது.

பிறகு சோமனூரில் விசைத்தறி ஓட்டினார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "உங்குளுக்கு மூணு பொட்டப்புள்ளைங்க. எனக்குக் கைத்தொழில் இருக்குதுங்க. விடுங்க" என்றவர், தன் சம்சாரத்தைக் கூப்பிட்டு எனக்குச் சோறு போடச் சொன்னார். தின்றுவிட்டு வந்தேன், பாவி.

மாரக்காள் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதிகாரி அறுத்துப் போட்ட அந்த முடிச்சை அன்றே பொறுக்கினேன். இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எத்தனையோ முறை அவிழ்க்கப் பார்த்தேன், அவிழவில்லை.

அண்ணனின் பிள்ளைகளே, உங்கள் அப்பா திருடவில்லை. சாவியைக் கொடுத்தவன் நான்.