பேச்சியம்மா பழக்கிய பிள்ளை

பேச்சியம்மாவுக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அவள் ஆயா. அழகம்மாவாகிய நான் அவளுக்குத் துணையாள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் காய்ச்சுவது நான். பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்பது அவள்.

அறுபதாம் ஆண்டு வாக்கில் பிள்ளையைப் பழக்குவதென்றால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது பிரம்பு ஒன்றுதான். பேச்சியம்மா பிரம்பைத் தொடமாட்டாள். மடியில் ரொட்டியைப் பிய்த்து வைத்திருப்பாள். கை கழுவப் பழக்குகிறாள் என்றால், முதலில் பீலித் தண்ணீர் கொட்டும் இடம்வரைக்கும் வந்தாலே ஒரு துண்டு. அது பழகியபின், கையை நனைத்தால்தான் துண்டு. பிறகு தேய்த்துக் கழுவினால்தான். சரியாகச் செய்த அந்த நொடியிலேயே வாயில் வைத்துவிடுவாள்.

"பிந்திக் குடுத்தா எதுக்குக் குடுத்தோம்னு அதுக்கு வெளங்காதுடி" என்பாள்.

லயத்து ஆம்பிளைகள் அவளைக் 'குரங்காட்டி' என்று கேலி செய்தார்கள். செய்யட்டுமே! அவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் சோற்றுக்கு முன் அப்பனையே கை கழுவச் சொல்லி விரட்டின.

சோலைமலை விஷயம் வேறு. நாகலெட்சுமியின் மகன் அவன். ஐந்து வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆனால் ரயில் சத்தம் கேட்டுவிட்டால் யாராலும் பிடித்துவைக்க முடியாது. றொசல்ல ஸ்டேசனுக்குப் போகும் ரயில் பாதையோ லயத்துக்கு நேர் கீழே. அவனைப் பாதையிலிருந்து தூக்கி வந்த கதையெல்லாம் உண்டு. நாகலெட்சுமி புருசனை இழந்தவள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. பிள்ளைக் காம்பராவிலிருந்தும் ஓடிவிடுவான் என்று பயந்து, வேலைக்குப் போகும்போது வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பின் தூணில் பிள்ளையின் இடுப்பைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போவாள்.

அதைப் பார்த்த அன்றைக்குப் பேச்சியம்மா ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

"ஏண்டி, புள்ளையப் பெத்தியா, கன்னுக்குட்டியப் பெத்தியா?"

"கட்டாம விட்டா ரயிலு கோச்சிக்குக் குடுத்துட்டு நிக்கணும் அக்கா. அப்ப நீங்களா வந்து அழுவீங்க?" என்று கேட்டுவிட்டு நாகலெட்சுமிதான் அழுதாள்.

"எங்கிட்ட விடு. அவன் உசுருக்கு நான் பொறுப்பு."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறாளே என்று நினைத்தேன்.

பெயருக்குத் திரும்பாதவன் தகரத் தட்டின் சத்தத்துக்குத் திரும்புவதை அவள்தான் கண்டுபிடித்தாள். தட்டை டங்கென்று அடிப்பாள். உடனே தோளை அமுக்கி உட்காரவைப்பாள். ரொட்டி கொடுப்பாள். கொஞ்ச நாளில் தோளைத் தொட்டாலே உட்கார்ந்தான். அப்புறம் தொடவும் தேவையிருக்கவில்லை. உட்கார்ந்தபடி அவளையே பார்ப்பான். அவள் குந்தி மடியைத் தட்டினால் எழுந்து வந்து கையை நீட்டுவான். தேயிலைக்குள் ஓடுகிறவன்கூட டங்கென்றதும் அப்படியே உட்கார்ந்தான். நாகலெட்சுமி கயிற்றை அடுப்பில் போட்டாள். லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு தட்டு தயாராக இருந்தது. ஓடுகிற பிள்ளை ஓட்டத்தை விட்டால் போதும் என்றுதான் எல்லோருமே நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பேச்சியம்மாவும் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். நாகலெட்சுமி பக்கத்தில் பாத்திரம் கழுவினாள். ஹட்டன் பக்கமிருந்து ரயில் ஊதியது. நிமிர்ந்து பார்த்தால், கீழே பாதையின் நடுவில் சோலைமலை! சத்தம் வந்த பக்கமாகவே நடந்துகொண்டிருந்தான்.

நாகலெட்சுமி கையிலிருந்த தட்டைக் கல்லில் அடித்தாள். டங்!

பிள்ளை உட்கார்ந்துவிட்டான். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில், நாங்கள் பழக்கியபடியே.

ஐயோ! பெற்றவள் பதறிப் பதறி அடிக்க, அவன் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தான். அவனுக்கு என்ன தெரியும்? தட்டு அடித்தால் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சியம்மா தட்டைப் பிடுங்கி எறிந்தாள். "கத்தாத! ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது!" என்றபடி சரிவில் பாதி ஓடி, பாதி சறுக்கி இறங்கினாள். வளைவில் ரயில் தெரிந்துவிட்டது. எட்டிப் போய்த் தூக்க நேரமில்லை. அவன் கண்ணில் படுகிற இடத்தில், பாதையோரமாகக் குந்தினாள். சிரித்த முகத்தோடு மடியைத் தட்டினாள். அந்த நேரத்தில் அவளுக்கு எப்படித்தான் சிரிப்பு வந்ததோ, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சோலைமலை எழுந்தான். தண்டவாளத்தைத் தாண்டி அவளிடம் வந்து கையை நீட்டினான். அவனை இழுத்து அணைத்துக்கொண்டு மண்மேட்டில் சாய்ந்தாள். ரயில் அவள் முதுகுப் பக்கமாகப் போனது.

மகனைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்த நாகலெட்சுமியைப் பேச்சியம்மா கையால் தடுத்தாள். "அப்பறமா அழுவு. மொதல்ல அவனுக்கு ரொட்டி! பிந்திப்போச்சு, இருந்தாலும் குடுத்தாகணும். இல்லன்னா அடுத்த தடவ வரமாட்டான்." நான் விழுந்தடித்து ஓடி, யார் வீட்டு அடுப்பிலோ வெந்துகொண்டிருந்ததைப் பிய்த்து வந்தேன். அவன் தின்று முடித்த பிறகுதான் பேச்சியம்மா மண்மேட்டைவிட்டு எழுந்தாள்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "ஒக்காரப் பழக்குனேன். எங்க ஒக்காரணும்னு பழக்கல. பிழை எம்மேலதான். சரி, மாத்திப் பழக்குறேன்."

பழகியதை மாற்றுவது லேசுப்பட்ட காரியமா? தட்டு அடித்தால் அடித்தவரிடம் ஓடி வர வேண்டும் என்று முதலிலிருந்து தொடங்கினாள். அது படிந்ததும் ரயில் வரும் நேரமாகப் பார்த்து எல்லாப் பிள்ளைகளையும் பாதையோரம் கூட்டிப்போனாள். ரயில் போய் முடியும்வரை தள்ளி நிற்க வேண்டும், நின்றால்தான் ரொட்டி. இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு வேறிடம். "ஒரே எடத்துல பழக்குனா அந்த எடத்துலதான் புத்தி வரும்" என்றாள். போகப்போக ரொட்டியையும் குறைத்துக்கொண்டே வந்தாள். கேலி செய்த ஆம்பிளைகளே தங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள்.

அடுத்த ஆண்டு தீபாவளிக்குத் துணி வாங்க நாகலெட்சுமி மகனோடு ஹட்டனுக்குப் போனாள். திரும்பி வரும்போது நல்ல மழை. தெப்பமாக நனைந்து நேரே பேச்சியம்மா வீட்டு வாசலுக்குத்தான் வந்து நின்றாள்.

"அக்கா, தலையில சாக்கப் போத்திக்கிட்டு வந்தேனா, மழைச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. ரயிலு பாதையில கால வச்சிட்டேன். இவன் பின்னால இருந்து சேலையப் புடிச்சி இழுத்தான். சனியனே விடுடான்னு திட்டுனேன். விடவே மாட்டேனுட்டான் அக்கா. மூஞ்சிக்கு முன்னால கோச்சி போகுது! தட்டும் இல்ல, ரொட்டியும் இல்ல. அவனாத்தான் இழுத்தான்."

பேச்சியம்மா சோலைமலையைப் பார்த்தாள். அவள் வாய் அடைத்துப் போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் எவ்வளவு நேரத்துக்கு?

"ஒனக்குக் கண்ணு எங்கடி போச்சு? நாளையில இருந்து நீயும் பிள்ளைக் காம்பராவுக்கு வா. ஒன்னயும் பழக்கணும்!"

நாகலெட்சுமி சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். சோலைமலை அவள் சேலையை இன்னும் விடவில்லை.