இருதயம் சார் நிறுத்திய பாட்டு

போன சனிக்கிழமை காலை அடிவாரத்தில் ஏற்காடு பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது பிலோமினா டீச்சர் போனில் அழைத்தார். "நம்ம இருதயம் சார் போயிட்டாருங்க. தலைச்சோலைல, காபித் தோட்டத்துலயே நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தவர்தானாம்" என்றார். பஸ் வந்தது, ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் "ஏனுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் அவர் ஒருவர்தான் ஆண் ஆசிரியர். பல வருடங்கள் ஒன்றாம் வகுப்பை மட்டுமே எடுத்தார். மூக்கைத் துடைத்துவிடுவார், ஷூ லேஸ் கட்டிவிடுவார், அழுகிற பிள்ளையை "வா கண்ணு" என்று பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ஒண்ணாப்புக்கு ஆம்பள வாத்தியாருங்களா?"

பனி மூடிய காலைகளிலும் அவர் வகுப்புக் கதவு திறந்தே இருக்கும். குளிருகிறதே என்று ஒருமுறை சொன்னேன். "ஸ்வெட்டர் போட்டுக்கட்டுமுங்க, உள்ள நடக்கறது வெளிய தெரியோணும். நீங்களும் உங்க வகுப்புக் கதவைத் தெறந்தே வைங்க டீச்சர். புள்ளைக்கு வர்ற ஆபத்து ஆம்பளகிட்ட இருந்துதான் வரும்னு எழுதி வெச்சிருக்கா?" என்றார். ஆசிரியர் அறையில் இது ஒரு நாள் பெரிய விவாதமாகிவிட்டது. சிறு பிள்ளைகளுக்குப் பெண்கள்தான் சரி, ஆண்களை எப்படி நம்புவது என்று நம்மில் சிலர் சொன்னோம். அவருக்குக் கோபம் வரவில்லை. "பயப்படற மாதிரி ஆம்பளைங்க நடந்திருக்கோமுங்க. அத நான் இல்லைன்னு சொல்லலீங்க. என்னையும் கவனிங்க. ஆனா எல்லாரையும் ஒரே மாதிரி கவனிங்க. சமம்னா அதுவுந்தானுங்க" என்றார். மணி அடித்ததும் எழுந்து போனோம்.

பிறகு அந்த ஆண்டு விழா வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சினிமாப் பாட்டு. ஏழு வயதுப் பெண்களுக்கு உதட்டுச் சாயமும் வயிறு தெரியும் உடையும். பையன்களுக்குக் கறுப்புக் கண்ணாடி, பெண்களைத் துரத்திச் சீண்டும் வேடம். பாட்டின் சொற்கள் நமக்கெல்லாம் புரிந்தன, ஆடிய பிள்ளைகளுக்குத்தான் புரியவில்லை. பின்வரிசையில் விசில் பறந்தது. யாரோ "ஒன்ஸ் மோர்" என்றார்கள். நான் முன்வரிசையில் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று பாட்டு நின்றது. மேடை ஓரத்தில் இருந்த இருதயம் சார் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கியிருந்தார். மேடைக்கு வந்து, மிரண்டு நின்ற பிள்ளைகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்தார். "பயப்படாதீங்க சாமி, நீங்க தப்பே பண்ணல. போன வருசம் நாம பாடுவமே, அந்தக் காக்காப் பாட்டு, அதைப் பாடலாமா?" என்றார். பிள்ளைகள் பாடினார்கள். கேட்டவர்கள் குறைவு. நாற்காலிகள் நகரும் சத்தம்தான் அதிகம் கேட்டது.

மறுநாள் கூட்டத்தில், மேடையில் ஆடிய ஒரு பெண்பிள்ளையின் அப்பா எழுந்தார். "ஏழு வயசுப் புள்ள ஆடறது உனக்கு மட்டும் ஏன்யா தப்பாத் தெரியுது? உன் கண்ணுலதான் கோளாறு. உன்னை நம்பியா ஒண்ணாப்ப உட்டாங்க?" என்றார். பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். அவரைப் பல வருடம் பார்த்திருந்த நாம் ஆசிரியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. தாளாளர் அவரை அலுவலக வேலைக்கு மாற்றினார். கோடை விடுமுறைக்குப் பின் அவர் வரவில்லை. தலைச்சோலையில் மனைவியின் காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த நடனம் திரும்பி வந்தது. விழாவில் யாரோ போனில் எடுத்த வீடியோ, முகம் தெரியாத ஆட்கள் பார்க்கும் ஓர் இணையப் பக்கத்தில் இருந்தது. அதன் கீழே எழுதியிருந்ததை இங்கே எழுத என்னால் முடியாது. கூட்டத்தில் கத்திய அந்த அப்பாவே அதை முதலில் பார்த்தார். எங்கே போவதென்று தெரியாமல் அவர் போய் நின்றது இருதயம் சார் வீட்டு வாசலில். "சார், எம் புள்ளய..." என்று தொடங்கியவரால் முடிக்க முடியவில்லை. சார் அவரைப் பேசவிடவில்லை. "அழுவாதீங்க. சட்டையை மாட்டிட்டு வர்றேன், சேலம் போலாம்" என்றார்.

பள்ளியின் சார்பில் நானும் அவர்களோடு சேலத்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். காவல் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பெண்பிள்ளைகளின் விவரங்களை எழுதி முடித்துவிட்டு, "பசங்கள விடுங்க, பசங்களுக்கு என்ன ஆகிடப்போகுது" என்றார். இருதயம் சார் மேசையருகே நகர்ந்தார். "சார், அந்தப் பசங்களுக்கும் ஏழு வயசுதானுங்க. பொண்ணுன்னா இப்படிச் சீண்டலாம்னு மேடை போட்டுச் சொல்லிக் குடுத்திருக்கோம். அதுக்கு ஊரே விசிலடிச்சிருக்குது. அவங்க மானமும் மானந்தானுங்க. அவங்களையும் சேருங்க" என்றார். அதிகாரி மறுபடி பேனாவை எடுத்துப் பையன்களின் விவரங்களையும் எழுதத் தொடங்கினார். அந்தப் பக்கத்திலிருந்து வீடியோ நீக்கப்பட்டது. யார் யார் போனில் இன்னும் இருக்கிறதோ, தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நாங்கள் எல்லோரும் வெட்கப்படுகிறோம் என்றேன். "வெட்கப்படறது நல்லதுதானுங்க டீச்சர். நொம்பப் பேருக்கு அதுகூட வர்றதில்ல. ஆனா வெட்கப்பட்டுட்டு அப்படியே ஊட்டுக்குப் போயிடாதீங்க" என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அடக்கத்தன்று தாளாளர் மலர்வளையம் வைத்து, அவர் பள்ளியின் பெருமை என்று பேசினார். அந்த அப்பா மட்டும் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு உள்ளே வரவேயில்லை. நாமோ உள்ளே போய் வரிசையில் நின்றோம். எவர் முகத்தையும் எவரும் பார்க்கவில்லை.

இந்த வாரம் ஆண்டு விழாவுக்கான முதல் கூட்டம் நடந்தது. ஒன்றாம் வகுப்புக்கு அதே மாதிரி ஒரு சினிமாப் பாட்டைச் சொன்னார்கள். நான் எழுந்து "இந்தப் பாட்டு வேண்டாம்" என்றேன். முன் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவருடைய துணிச்சல் எனக்கு வரவில்லை. அவர் நல்லது என்று சொன்ன வெட்கம் மட்டும் என்னிடம் இருக்கிறது. இப்போதைக்கு அதை வைத்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறேன்.