திறந்த பாதமும் சரோஜாவின் கல்யாணப் புடவையும்

பள்ளிக்கூடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எதற்கும் விதிமுறை தெரியும் என்பது என் நினைப்பு. எங்கள் எஸ்டேட்டில் பக்கத்து வீட்டு சரோஜா, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குத் துண்டுத்துணிப் போர்வை தைக்கச் சொல்லித் தன் கல்யாணப் புடவையையே கொடுத்தாள்.

கையால் துணியை நகர்த்தி வளைத்து வளைத்துத் தைக்க, தையல் மெஷினுக்கு, ஊசியைச் சுற்றித் துணியை அழுத்திப் பிடிக்கும் தனிப் பாதம் வேண்டும். பகாவ் டவுன் தையல் மெஷின் கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று முன்பக்கம் திறந்தது, மற்றது முழு வட்டம். நான் படித்த குறிப்புகளில் பாதி இதைப் புகழ்ந்தன, பாதி அதை. குழம்பிப்போய், தைக்கும் கோடு நன்றாகத் தெரியுமே என்று திறந்ததை வாங்கினேன். அதன் முனை ஒரு துண்டின் ஓரத்தில் நுழைந்து, பட்டு சர்ரென்று கிழிந்தது.

கிழிந்த துண்டை எடுத்துப்போய் சரோஜாவிடம் காட்டினேன். சிரித்தாள்.

“அந்தக் கல்யாணத்தையே கிழிச்சிட்டு அந்த மனுசன் இன்னொருத்தி வீட்டுக்குப் போயிட்டாரு. நீங்க என்னத்த டீச்சர் புதுசா கிழிச்சீங்க? அது மேலயே ஒரு பூ போடுங்க லா!”

சேர்ந்து சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா? எந்த விதிமுறையிலும் அது இல்லை. வட்டப் பாதம் வாங்கிவந்து பூ தைத்தேன்.

அவள் பேரன் இப்போது அந்தப் பூவைத்தான் சப்புகிறான். பார்க்கும்போதெல்லாம் சரோஜா சிரிக்கிறாள். நானும் சிரிக்கலாமா என்று இன்னமும் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன்.